துருவம் முதல் பாலைவனம் வரை: சீதோஷ்ணமும் ஜீவராசிகளும்

(விஞ்ஞானப் படிப்பு வட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



பூமியின் ஒரு பகுதியில் அடர்ந்த காடு இருக்கிறது. இன்னொரு பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றோரிடத்தில் மணலும் முட்செடியும்தான். ஓரிடத்து மிருகம் வளையில் வாழ்கிறது. மற்றோரிடத்து மிருகம் ஓடிக்கொண்டே வாழ்கிறது. இது ஏன்? “அந்தந்த மண்ணின் ராசி” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். விஞ்ஞானம் ராசியோடு திருப்தியடைவதில்லை. அது காரணம் கேட்கிறது. அந்தக் காரணத்தைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் பேசினால் ஒன்றும் மனதில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே ஆர்க்டிக் கடலோரத்தில் தைமீர் தீபகற்பம்; தெற்கே துர்க்மேனியாவின் காரகும் பாலைவனம். இடையில் சைபீரியா, கஜகஸ்தான். ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர் தூரம். இந்தப் பெருவெளியின் குறுக்கே உயர்ந்த மலைத்தொடர் எதுவும் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கவில்லை. ஆகவே வடக்கிலிருந்து தெற்கே போகப் போகத் தாவரங்களும் பிராணிகளும் ஜமக்காளத்தின் கோடுகளைப் போல வரிசை வரிசையாக மாறுகின்றன. இயற்கையின் விதியைத் திறந்த புத்தகமாகப் படிக்க இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது.

ஒரு மாணவனின் பிரயாணம்

விளாதிமிர் கோப்பன் என்ற விஞ்ஞானி 1846-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். கிரிமியாவில் பள்ளியில் படித்தார். பீட்டர்ஸ்பர்க்கில் பல்கலைக்கழகத்தில் படித்தார். தெற்கே கருங்கடற்கரைக்கும் வடக்கே தலைநகருக்கும் இடையே அவர் பல முறை பிரயாணம் செய்ய நேர்ந்தது. வழியில் கடற்கரைத் தோட்டங்கள் மறைந்து புல்வெளி வருகிறது. புல்வெளி மறைந்து ஓக் மரங்கள் வருகின்றன. பிறகு பைன் மரங்கள். இந்த மாறுதல் அவர் சிந்தனையைத் தூண்டியது.

அக்காலத்தில் தட்பவெப்பத்தை அளக்கும் நிலையங்கள் உலகில் மிகக் குறைவு. கோப்பன் யோசித்தார்: ஒவ்வொரு ஊரிலும் கருவி வைக்க முடியாது, ஆனால் செடிகொடிகளே ஒவ்வொரு ஊரிலும் நிற்கும் கருவிகள் அல்லவா? வெயிலையும் மழையையும் வருஷக்கணக்காகத் தாங்கி நிற்பவை அவைதானே! இந்த அடிப்படையில் 1900-ல் அவர் உலகத்தின் சீதோஷ்ணத்தைத் தாவரங்களைக் கொண்டு வகுத்தார். அவர் கண்ட எல்லைகளில் ஒன்று மிகவும் பிரசித்தமானது. வருஷத்தின் மிக வெப்பமான மாதத்திலும் சராசரி வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடைத் தொடவில்லையென்றால் அங்கே மரம் வளராது. குளிர்காலம் எவ்வளவு கொடியது என்பதல்ல கேள்வி. கோடைகாலம் போதுமா என்பதே கேள்வி. அவருடைய வகுப்பு முறை, பிற்காலத் திருத்தங்களோடு, இன்றும் உபயோகத்தில் இருக்கிறது.

வரவும் செலவும்

இப்போது ஒரு வேடிக்கையைப் பார்ப்போம். ஆர்க்டிக் கடலோரத்தில் வருஷத்துக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து பல இடங்களில் 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. பாலைவனத்தின் ஓரங்களில் பெய்வதற்கு இது அதிகமில்லை. ஆனால் துருவப் பிரதேசம் கோடையில் சேறும் சகதியுமாகக் கிடக்கிறது. பாலைவனத்தின் ஓரமோ வறண்டு கிடக்கிறது. ஒத்த அளவு மழை, நேர்மாறான பலன். ஏன்?

ஒரு குடும்பத்தின் நிலையை வரவை மட்டும் பார்த்து அறிய முடியுமா? செலவையும் பார்க்க வேண்டும். நிலத்துக்கு மழை வரவு. ஆவியாகிப் போவது செலவு. துருவத்தில் சூரியன் சாய்ந்து அடிப்பதால் செலவு மிகக் குறைவு. போதாக்குறைக்குக் கீழே உறைந்த மண் தண்ணீரை இறங்க விடுவதில்லை. பாலைவனத்தில் சூரிய வெப்பம் பெய்த நீரைப்போல் பல மடங்கை ஆவியாக்க வல்லது. வரவு காலையில் வந்து மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது.

லெனின்கிராடைச் சேர்ந்த மிகயீல் புதிக்கோ என்ற விஞ்ஞானி 1950-களில் இந்த வரவு செலவுக்கு ஒரு கணக்கே போட்டுக் காட்டினார். நிலம் சூரியனிடமிருந்து பெற்று நிறுத்திக்கொள்ளும் வெப்பம் ஒரு பக்கம். அங்கே பெய்யும் மழை முழுவதையும் ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் மறு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் மிகச் சிறியதென்றால் அங்கே மரமற்ற துந்திரா. ஒன்றுக்குச் சமீபம் வரையில் காடு. ஒன்றைத் தாண்டி இரண்டை நெருங்கினால் புல்வெளி. மூன்றையும் கடந்து போனால் பாலைவனம். சைபீரியாவில் உண்மையான விதி ஆப்பிரிக்காவிலும் உண்மை. தென் அமெரிக்காவிலும் உண்மை. வெப்பமும் நீரும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதே நிலத்தின் மேல் எது வாழும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. இந்தத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே புறப்படுவோம்.

மரமில்லாத பூமி

தைமீரில் குளிர்காலம் எட்டு ஒன்பது மாதம். அதில் பல வாரங்கள் சூரியனே உதிப்பதில்லை. நிலத்தடியில் மண் பாறைபோல் உறைந்து கிடக்கிறது. இதற்கு நிரந்தர உறைமண் என்று பெயர். ருஷ்யாவின் நிலப்பரப்பில் சுமார் 60 சதவீதத்துக்கு மேல் இத்தகைய பூமிதான். கோடையில் மேலாக ஒன்றிரண்டு அடி, சில இடங்களில் மூன்று நாலு அடி மட்டுமே இளகுகிறது. வேர் அதற்குள்தான் ஊன்ற முடியும்.

ஆகவே தாவரங்கள் குனிந்து வாழக் கற்றிருக்கின்றன. இங்கேயும் பிர்ச் மரம் உண்டு, வில்லோ மரம் உண்டு. ஆனால் அவை சாண் உயரத்துக்கு மேல் எழுவது அபூர்வம். தரையோடு தரையாகப் படர்கின்றன. குளிர்காலத்தில் பனிப்போர்வைக்கு அடியில் இருப்பது பிழைக்கிறது. அதற்கு மேலே தலை நீட்டுவதைப் பனித்துகள் வீசும் காற்று அறுத்துவிடுகிறது. பாசியும் லைக்கனும் தரையை மூடுகின்றன.

இந்தப் பனிப்போர்வையின் கீழே ஓர் உலகமே இயங்குகிறது. லெம்மிங் என்ற எலி போன்ற சிறு பிராணி, வெளியே நாற்பது டிகிரி உறைகுளிர் அடிக்கும்போது, பனிக்கடியில் சுரங்கம் வைத்து, பாசியைத் தின்று, குட்டியும் போடுகிறது. மூன்று நாலு வருஷங்களுக்கு ஒருமுறை லெம்மிங்குகள் ஏராளமாகப் பெருகும். அந்த வருஷம் துருவ நரிக்கும் பனி ஆந்தைக்கும் கொண்டாட்டம். அடுத்த வருஷம் லெம்மிங் சரிந்துவிடும். பசியோடிருக்கும் நரி பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடிப் புறப்படும்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நமது கோடியக்கரைச் சதுப்பில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் வளைந்த அலகுள்ள உள்ளான் இந்தத் தைமீர்ப் பக்கத்தில் குஞ்சு பொரிக்கும் பறவைதான்! லெம்மிங் சரிந்த வருஷத்தில், தெற்கே குளிர்காலத்தைக் கழிக்க வரும் அந்தப் பறவைக் கூட்டங்களில் இளம் பறவைகள் குறைந்துவிடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஓர் எலிக்கும் ஒரு நரிக்கும் இடையே ஆர்க்டிக் கடலோரத்தில் நடக்கும் விவகாரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உப்பளத்தின் ஓரம் வரை வந்து எட்டுகிறது. ஜீவராசிகளின் உலகில் துண்டு துண்டாக எதுவும் இல்லை.

ரெயின்டீர் என்ற பனிமான் வேறு வழி கண்டது. கோடையில் வடக்கே கடலோரம், குளிர்காலத்தில் தெற்கே காட்டோரம் என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடம் பெயர்கிறது. அகன்ற குளம்பால் பனியைத் தோண்டி லைக்கனைத் தின்கிறது. அதைப் பின்தொடர்ந்து நெநெத்ஸ் முதலிய வடபுல மக்கள் தலைமுறை தலைமுறையாக மேய்ச்சல் தொழில் செய்கிறார்கள்.

ஊசியிலைக் காடு

தெற்கே வருவோம். வெப்பமான மாதத்தின் சராசரி 10 டிகிரியைத் தாண்டியதும் மரம் நிமிர்கிறது. இதுதான் தைகா, உலகத்திலேயே மிகப் பெரிய காட்டுத் தொடர்களில் ஒன்று. பைன், ஸ்புரூஸ், பிர், லார்ச் ஆகிய ஊசியிலை மரங்கள்.

இலை ஏன் ஊசியாக இருக்க வேண்டும்? குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்துவிடுகிறது. நீர் இருந்தும் மரத்துக்கு அது பஞ்ச காலம். அகன்ற இலை இருந்தால் நீரை இழந்து காய்ந்துவிடும். மெல்லிய ஊசி, அதன்மேல் மெழுகுப் பூச்சு, நீர் வீணாவதில்லை. கோடை மிகக் குறுகியது. வருஷாவருஷம் புது இலை துளிர்க்க அவகாசம் போதாது. ஆகவே இலையை உதிர்க்காமல் வைத்துக்கொண்டு, வெயில் வந்தவுடன் வேலையைத் தொடங்குகிறது. கூம்பு வடிவமோ பனிச்சுமையைச் சறுக்கி விழச் செய்கிறது.

ஆனால் இயற்கை ஒரே விடையோடு நிற்பதில்லை. கிழக்குச் சைபீரியாவில் குளிர் இன்னும் கொடியது. அங்கேயுள்ள வெர்கோயான்ஸ்க் ஊரில் 1892-ல் பூஜ்யத்துக்குக் கீழே 67.8 டிகிரி பதிவாயிற்று. அங்கே ஊசியும் தாங்காது. ஆகவே அங்கே ஆட்சி செலுத்தும் லார்ச் மரம் ஊசியிலை மரமாயிருந்தும் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. அதன் வேர் ஆழத்துக்குப் போகாமல் உறைமண்ணின் மேலே பக்கவாட்டில் பரவுகிறது. தைமீரில் ஆரி-மாஸ் என்ற இடத்தில், 72 டிகிரி அட்சரேகைக்கும் வடக்கே, காடாக நிற்பது இந்த லார்ச்தான்.

பிராணிகள் மூன்று வகையில் குளிர்காலத்தைச் சமாளிக்கின்றன. கரடி கொழுத்துத் தூங்கிவிடுகிறது. அணில் சேமித்து வைக்கிறது. சேபிள் அடர்ந்த ரோமத்தை வளர்த்துக்கொண்டு வேட்டையைத் தொடர்கிறது. நட்கிராக்கர் என்ற பறவை சைபீரியப் பைன் மரத்தின் விதைகளை ஆயிரக்கணக்கில் மண்ணில் ஒளித்து வைக்கிறது. எல்லாவற்றையும் அது திரும்ப எடுப்பதில்லை. எடுக்காமல் விட்டவை முளைத்துக் காடாகின்றன. பறவை மரத்தால் பிழைக்கிறது. மரம் பறவையால் பரவுகிறது.

புல்லின் ஆட்சி

மேலும் தெற்கே ஓக்கும் லிண்டனும் பிர்ச்சும் வருகின்றன. பிறகு அவையும் சிதறி, தோப்புகளாகி, மறைகின்றன. மழை 250 முதல் 500 மில்லிமீட்டர். ஆவியாகக் கூடியதோ அதைவிட அதிகம். மரத்துக்குக் கணக்குக் கட்டவில்லை. புல்லுக்குக் கட்டுகிறது. இது ஸ்டெப்பி.

புல்லின் பலம் அதன் அடக்கத்தில் இருக்கிறது. ஸ்டெப்பியின் உயிர்ப்பொருளில் பெரும் பகுதி தரைக்குக் கீழேதான், வேராக. வறட்சி வந்தாலும், தீ பிடித்தாலும், மந்தை மேய்ந்தாலும் மேலே உள்ளதுதான் போகும். வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆயிரக்கணக்கான வருஷங்களாக இந்த வேர்கள் மடிந்து மக்கிச் சேர்ந்ததே செர்னோசெம் என்ற கருமண். சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்கும் கறுப்பாக இருக்கும்.

இந்த இடத்தில் வசீலி தோக்குசாயெவ் என்ற மேதையை நினைவுகூர வேண்டும். 1883-ல் அவர் ருஷ்யக் கருமண்ணைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதுவரை மண் என்றால் நொறுங்கிய பாறை என்றே எண்ணினார்கள். இல்லை என்றார் தோக்குசாயெவ். தாய்ப்பாறை, சீதோஷ்ணம், தாவரங்களும் பிராணிகளும், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து உண்டாக்குவதே மண். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு என்று நிரூபித்தார். துந்திராவும் காடும் புல்வெளியும் பாலைவனமும் விதிப்படி அமைந்த மண்டலங்கள் என்ற கொள்கையை 1890-களின் இறுதியில் வகுத்துத் தந்தவரும் அவரே.

நமது கோவில்பட்டிச் சீமையிலும் கரிசல் உண்டே என்று தோன்றலாம். நிறம் ஒன்று, குணம் வேறு. நமது கரிசலில் களிமண் அதிகம், மக்கு குறைவு. இங்கே வெப்பம் மிகுதியால் இலையும் வேரும் விரைவாகச் சிதைந்து காற்றோடு கலந்துவிடுகின்றன. அங்கேயோ நீண்ட குளிர்காலமும் வறண்ட கோடையும் மக்கைச் சேமித்து வைக்கின்றன. மண்ணின் நிறத்துக்குப் பின்னாலும் சீதோஷ்ணத்தின் கை இருக்கிறது.

மறைவிடம் இல்லாத வெளியில் பிராணிகளுக்கு இரண்டே வழி. ஒன்று, தோண்டுவது, மார்மோட்டும் தரை அணிலும் அப்படி வாழ்கின்றன. மற்றொன்று, ஓடுவது, சைகா என்ற இரலை மான் அப்படி வாழ்கிறது. அதன் மூக்கு யானைத் துதிக்கையின் அடிப்பகுதியைப் போலப் பருத்துத் தொங்கும். கோடையில் தூசியை வடிகட்டவும், குளிர்காலத்தில் உறைந்த காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பவும் அது உதவுகிறது.

மணலின் பள்ளிக்கூடம்

காரகும்மில் மழை 150 மில்லிமீட்டர் அளவுதான்; அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும். இங்கே சக்சவுல் என்ற மரம் நிற்கிறது. இலை வெறும் செதிலாகச் சுருங்கிவிட்டது. பச்சைக் கிளைகளே உணவு தயாரிக்கின்றன. வேரோ பத்து மீட்டருக்கும் கீழே நீரைத் தேடிப் போகிறது. வேறு சில செடிகள் சாமர்த்தியசாலிகள்: வசந்தத்தில் சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, விதை தந்து, வெயில் வருமுன் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. இங்கேயுள்ள தரை ஆமை இந்தச் செடிகளை நம்பி வாழ்வது. ஆகவே வருஷத்தில் மூன்று மாதம் போல்தான் அது வெளியே நடமாடும். மீதிக் காலம் வளைக்குள் உறக்கம். 1968-ல் சோவியத் விண்கலமான சோந்த்-5 சந்திரனைச் சுற்றித் திரும்பியபோது உள்ளே இருந்து உயிரோடு வந்தவற்றில் இந்த இனத்து ஆமைகள் இரண்டும் உண்டு!

சீதோஷ்ணம் உடலை எப்படிச் செதுக்குகிறது என்பதற்கு நரியின் காது ஒன்றே போதும். துருவ நரிக்குக் காது குட்டை, உருண்டை. வெப்பம் வெளியே கசியாது. ஸ்டெப்பியின் கோர்சாக் நரிக்குக் காது நீண்டது. சகாராப் பாலைவனத்தின் பென்னெக் நரியோ காதே உருவானது. உடலின் வெப்பத்தை அந்த அகன்ற காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. ஒரே குடும்பம், மூன்று சீதோஷ்ணம், மூன்று காது. இது ஒரு நாளில் நடந்ததல்ல; எண்ணற்ற தலைமுறைகளில் பொருந்தியது பிழைத்துப் பொருந்தாதது மடிந்து உண்டான விளைவு.

கலப்பையும் காற்றும்

இதுவரை இயற்கையைப் பார்த்தோம். மனிதன் கை வைத்தபோது என்ன நடந்தது? இதை மறைக்காமல் பேச வேண்டும். ஏனெனில் இதில்தான் பாடம் இருக்கிறது.

1891-ல் ருஷ்யப் புல்வெளியில் கொடிய வறட்சி ஏற்பட்டுப் பஞ்சம் வந்தது. தோக்குசாயெவ் அடுத்த வருஷமே வோரோனெஷ் பகுதியிலுள்ள கற்புல்வெளிக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். காற்றைத் தடுக்கவும் பனியைத் தேக்கவும் வயல்களின் ஓரம் மரவரிசைகள் நடப்பட்டன. அந்த மரவரிசைகள் இன்றும் நிற்கின்றன. சீதோஷ்ணத்தின் விதியை அறிந்து அதற்கு இசைவாக வேலை செய்தால் பலன் உண்டு என்பதற்கு அவை சாட்சி.

1954-ல் சோவியத் யூனியனில் கன்னி நிலங்களை உழும் பேரியக்கம் தொடங்கியது. வடக்கு கஜகஸ்தானிலும் மேற்குச் சைபீரியாவிலும் லட்சக்கணக்கான வாலிபர்கள் குளிரையும் கூடார வாழ்க்கையையும் பொறுத்து உழைத்தார்கள். சில வருஷங்களுக்குள் நாலு கோடி ஹெக்டேருக்கு மேல் உழப்பட்டது. 1956-ல் விளைச்சல் அபாரம். ஆனால் ஸ்டெப்பியில் வறட்சி விதிவிலக்கல்ல. திரும்பத் திரும்ப வருவது. 1960-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வேர் போய்விட்டது. ஆழமாகப் புரட்டிப்போட்ட வயலிலிருந்து காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று. வானம் இருண்டது.

ஷொர்தாந்தி ஆராய்ச்சி நிலையத்தின் அலெக்சாந்தர் பராயெவ் இதற்கு மாற்று கண்டார். மண்ணைப் புரட்டாமல் அடியில் மட்டும் அறுத்து, அறுவடைத் தாளை வயலிலேயே நிற்க விடும் முறை. அந்தத் தாள் பனியைத் தேக்கும், காற்றைத் தடுக்கும். புல் செய்துவந்த வேலையைத் தாள் செய்தது! ஆரம்பத்தில் எதிர்ப்புக்கு ஆளான அவருக்கு 1972-ல் லெனின் பரிசு கிடைத்தது. உழைப்பாளியின் வியர்வை எவ்வளவு சிந்தினாலும், விஞ்ஞானியின் எச்சரிக்கைக்குக் காது கொடுக்காவிட்டால் அந்த வியர்வை காற்றோடு போகும்.

ஆரல் கடலின் கதை இன்னும் துயரமானது. பாலைவனத்தில் பருத்தி விளைவிக்க அமு தரியா, சிர் தரியா என்ற இரு ஆறுகளின் நீர் 1960-களிலிருந்து மேலும் மேலும் திருப்பப்பட்டது. உலகின் நாலாவது பெரிய ஏரி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. மீனவர் தொழில் அழிந்தது. உப்புத் தூசி ஊர்களின் மேல் படிந்தது. ஏரி போனதும் அந்த வட்டாரத்தின் சீதோஷ்ணமே மாறியது: கோடை மேலும் சுட்டது, குளிர்காலம் மேலும் கடுமையாயிற்று. சீதோஷ்ணம் ஜீவன்களை உருவாக்குவது மட்டுமல்ல. நீரும் தாவரமும் திரும்பச் சீதோஷ்ணத்தை உருவாக்குகின்றன. இன்று வறண்ட ஏரிப்படுகையில் சக்சவுல் நட்டு வருகிறார்கள். வடபகுதியில் 2005-ல் கட்டி முடித்த கோக்-ஆரல் அணையால் நீர்மட்டம் உயர்ந்து மீன் திரும்பியிருக்கிறது. கெட்டதில் ஒரு பகுதியையாவது சீர்செய்ய முடியும் என்பதற்கு இதுவும் சாட்சி.

கோடுகள் நகர்கின்றன

இப்போது நம் முன் நிற்கும் கேள்வி இவை எல்லாவற்றிலும் பெரிது. புதிக்கோ 1972-லேயே எச்சரித்தார்: நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் கரியமில வாயு பெருகுகிறது, உலகம் சூடேறும், ஆர்க்டிக் பனி சுருங்கும். அது நடந்துவருகிறது. தொழிற்சாலை யுகத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆர்க்டிக் பிரதேசம் 1979-லிருந்து உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 67.8 டிகிரி கண்ட அதே வெர்கோயான்ஸ்க் 2020 ஜூன் 20-ந் தேதி 38 டிகிரி வெயிலைக் கண்டது!

சீதோஷ்ணம் மாறினால் ஜீவன்களுக்கு என்ன நேரும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 2013 நவம்பரில் யமால் தீபகற்பத்தில் பனியின் மேல் மழை பெய்து உறைந்தது. லைக்கனின் மேல் பனிக்கட்டி மூடி போட்டதுபோல் ஆயிற்று. குளம்பால் உடைக்க முடியவில்லை. 61,000 பனிமான்கள் பட்டினியால் மடிந்தன. மந்தையை இழந்த மேய்ப்பர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2016 கோடையில் அதே யமாலில் 1941-க்குப் பிறகு முதல் முறையாக அடைப்பான் நோய் கிளம்பியது. கடும் வெயிலில் உறைமண் இளகியதால் பழைய கிருமிகள் வெளிப்பட்டன என்பது விஞ்ஞானிகளின் முடிவு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பனிமான்கள் இறந்தன; ஒரு சிறுவனும் உயிரிழந்தான்.

2015 மே மாதம் கஜகஸ்தானில் சைகா மான்கள் குட்டி போடக் கூடியிருந்தன. மூன்று வாரங்களுக்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவை செத்து விழுந்தன. காரணம் ஒரு பாக்டீரியா. ஆனால் அது வழக்கமாக அவற்றின் தொண்டையில் தீங்கின்றி வாழ்வது. அந்த நாட்களில் ஏற்பட்ட அசாதாரணமான வெப்பமும் ஈரப்பதமும்தான் அதைக் கொலைகாரனாக மாற்றின என்று ஆராய்ச்சி காட்டியது. இன்னொரு பக்கம், கள்ள வேட்டையைத் தடுத்துக் காப்பாற்றியதன் பலனாக 2023-ல் கஜகஸ்தானில் சைகாக்களின் தொகை சுமார் 19 லட்சத்தை எட்டியது. பாதுகாப்புக் கிடைத்தால் ஜீவன் மீள்கிறது. ஆனால் அடுத்த வெப்ப அலைக்கு யார் உத்தரவாதம்?

உறைமண்ணுக்குள் பழைய தாவரங்களின் கரிச்சத்து புதைந்து கிடக்கிறது. காற்றில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! தரையை மூடிய பாசிதான் அதற்குப் போர்வை. காட்டுத் தீ அந்தப் போர்வையை எரிக்கிறது, மண் இளகுகிறது, வாயு வெளிவருகிறது, உலகம் மேலும் சூடேறுகிறது. ஒரு நச்சுச் சக்கரம்.

விதியை அறிதல்

முடிக்குமுன் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடுவோம். சீதோஷ்ணம் இலையையும் காதையும் செதுக்குகிறது என்றவுடன், மனித சமூகங்களின் தலைவிதியையும் அதுவே எழுதுகிறது என்று சிலர் வாதிப்பதுண்டு. 1748-லேயே மாண்டெஸ்க்யூ என்ற பிரெஞ்சு அறிஞர் வெப்ப நாட்டு மக்கள் சோம்பேறிகள் என்று எழுதினார். பிற்காலத்தில் நம்மைப் போன்ற நாடுகளை அடிமைப்படுத்தியவர்களுக்கு இத்தகைய வாதம் வசதியாயிருந்தது. இது விஞ்ஞானமல்ல. ஒரே ஸ்டெப்பி, ஒரே வெயில், ஒரே காற்று. ஒரு காலத்தில் அங்கே மந்தைகள் மேய்ந்தன. ஒரு காலத்தில் கோதுமை குவிந்தது. ஒரு காலத்தில் புழுதி பறந்தது. சீதோஷ்ணம் எல்லைகளை வகுக்கிறது. அந்த எல்லைகளுக்குள் எப்படி வாழ்வது, நிலத்தையும் நீரையும் யாருக்காக, எந்த அறிவோடு உபயோகிப்பது என்பதை முடிவு செய்பவர்கள் மனிதர்களே.

ஆகவே இயற்கையின் விதியைக் கண்டு பயந்து ஒதுங்குவதும் தவறு. அது இல்லாததுபோல் உத்தரவு போடுவதும் தவறு. கோப்பன் மரங்களிடம் கேட்டார்; தோக்குசாயெவ் மண்ணிடம் கேட்டார்; புதிக்கோ வெப்பத்தின் கணக்கைக் கேட்டார்; பராயெவ் புல்லிடமிருந்து கற்றார். இவர்கள் சொன்னதைக் கேட்ட இடத்தில் மரவரிசை நிற்கிறது; கேட்காத இடத்தில் ஏரி வறண்டது. இன்று துருவத்தில் பனிமான் மேய்ப்பவனும், புல்வெளியில் கோதுமை விதைப்பவனும், நமது கடற்கரையில் உப்பளத் தொழிலாளியும் ஒரே காற்று மண்டலத்தின் கீழ் நிற்கிறார்கள். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து லாபம் அடைந்தவர்கள் வேறு. அதன் நஷ்டத்தை முதலில் சுமப்பவர்கள் வேறு. அந்தக் கணக்கையும் நேர்செய்தாக வேண்டும். அதற்கு முதற்படி, இந்த விதிகளை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது. தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்வது.